பேச்சாங்கிலமும் ஆரம்ப பாடசாலையும்

ஆங்கிலத்தைப் பத்து ஆண்டுகள் பாடசாலையிற் கற்ற பின்னரும், அம்மொழியிலே ஒருவர் கேட்கும் எளிய வினாவுக்கு விடையிறுக்க இயலாது நாணி நிற்கும் மாணவரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். எழுதச் சொன்னால் எழுதுவர். வாசிக்கச் சொன்னால் வாசிப்பர். இலக்கண விதியைக் கேட்டால் ஒப்புவிப்பர். பேசச் சொன்னால் மாத்திரம் வாய் திறவார். இக்குறை நேற்று இன்று தோன்றியதன்று. இதற்குரிய காரணத்தை மாணவரின் சோம்பலிலோ ஆசிரியரின் அசட்டையிலோ தேடுவது எளிது. ஆயின் வரலாற்றை நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். ஒரு மொழியை எழுத்தாகக் கற்பிப்பதும் பேச்சாகக் கற்பிப்பதும் இருவேறு தொழில்களாகும். முன்னையதற்கு நூலும் கரும்பலகையும் போதும்; பின்னையதற்குப் பாடசாலையின் ஒழுங்கே மாறவேண்டும். அம்மாற்றம் எக்காலத்தில் யாரால் முயலப்பட்டது, எங்கு வென்றது, எங்குத் தளர்ந்தது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியைத் தொடங்குதற்கு மன்னார்க் கரையினும் பொருத்தமான இடம் வேறில்லை. பிறமொழியை வாயாற் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் உரிய இரு வழிகளும் பதினாறாம் நூற்றாண்டிலேயே இக்கடலின் இருகரைகளிலும் ஒருங்கே காணப்பட்டன.

1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழறியாதவர். இருமொழியும் அறிந்தோர் சிலரின் உதவிகொண்டு செபங்களைத் தமிழில் ஆக்குவித்து, அவற்றை மனனஞ்செய்து, கைம்மணியை ஒலித்துத் தெருவழியே சென்று, சிறுவரைக் கூட்டி, வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தார். சிறுவர் திரும்பச் சொன்னார்கள். வீட்டிற்குச் சென்று பெற்றோருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். மன்னாரிலிருந்து அழைப்பு வந்தபோது அவர் வேறொரு குருவை இங்கு அனுப்பினார். 1544ஆம் ஆண்டிலே புதுமறை தழுவிய மன்னார் மக்கள் ஏறக்குறைய அறுநூற்றுவர் யாழ்ப்பாண மன்னன் ஆணையால் உயிர்நீத்தனர். அவர்களின் நினைவைத் தோட்டவெளியில் எழுந்துள்ள வேதசாட்சிகளின் ஆலயம் இன்றும் தாங்கி நிற்கின்றது. மனனத்தினால் ஊன்றிய சொற்கள் மனிதரின் உள்ளத்தில் எத்துணை ஆழமாகச் செல்லக்கூடும் என்பதற்கு அந்நிகழ்ச்சியினும் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆயினும் சொல்லிக் கொடுத்த சவேரியாரோ அம்மனனத்தினாலே தமிழ் பேசுபவராகிவிடவில்லை. மொழிபெயர்ப்பாளரின் துணை அவருக்கு வேண்டியே இருந்தது.

அவருக்குப் பின் அதே கரையிற் பணியாற்றிய அண்டிறிக் அடிகளார், அதாவது என்றிக்கே என்றிக்கசு, வேறு வழியைக் கைக்கொண்டார். அவர் தமிழை மக்களிடையே பேசிப் பேசிக் கற்றார், மொழிபெயர்ப்பாளரை நீக்கினார், தமிழுக்குப் போர்த்துக்கேய மொழியில் ஓர் இலக்கணமும் வகுத்தார். தம்முடன் பணியாற்றிய குருமார் தமக்குள்ளேயும் தமிழிலேயே உரையாடவேண்டும் என்றும், தவறுவோர் சிறு தண்டனையை ஏற்கவேண்டும் என்றும் ஓர் ஒழுங்கைச் செய்தார். 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிய பின்னர் அவர் சில காலம் இத்தீவிலும் தங்கியிருந்தார். தமிழெழுத்தில் இந்திய மண்ணிலே அச்சேறிய முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்ததும் அவர் முயற்சியினாலேயே ஆகும்.

மனனம் ஒன்று, உரையாடல் மற்றொன்று. முதலாவது சொல்லைத் தருகின்றது. இரண்டாவது மொழியைத் தருகின்றது. இவ்வேறுபாட்டை நேயர்கள் மனத்திற் கொள்வார்களாயின், பின்வரும் நானூற்றைம்பது ஆண்டு வரலாறும் எளிதில் விளங்கும்.

1658ஆம் ஆண்டு மன்னார் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் ஊர்தோறும் கோயிலையும் பள்ளியையும் ஒன்றாக வைத்து நடத்தினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வாராவிடின் பெற்றோர் தண்டப்பணம் செலுத்தவேண்டியிருந்தது. அப்பள்ளிகளிலே தமிழிற் செபமும் வினாவிடையும் மனனஞ் செய்யப்பட்டன. ஒல்லாந்த மொழியைப் பரப்பவும் அவ்வாட்சியினர் முயன்றனர். கொழும்பிலே ஒல்லாந்த மொழி பேசத் தெரியாத அடிமைகளின் தலைமயிரை மழித்துவிடுமாறும் அவர்கள் கட்டளை பிறப்பித்ததுண்டு. விளைவு யாது? ஒல்லாந்தரின் வீடுகளிலேயே தாய்மாரும் செவிலியரும் போர்த்துக்கேயம் பேசினர். பிள்ளைகளும் அதனையே பேசினர். கட்டளையினாலே பரப்ப முயன்ற மொழி மறைந்தது. ஆட்சியிழந்து போனவரின் மொழியோ, திரிந்த வடிவிலாயினும், மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் உள்ள பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் நம் காலம்வரை எஞ்சியிருந்தது. பேச்சுமொழி அச்சத்தினால் வளர்வதன்று, பயன்பாட்டினாலும் அன்பினாலும் வளர்வது என்பதற்கு ஈழத்து வரலாற்றில் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

இனிப் பாக்குநீரிணைக்கு அப்பாற் சென்று சென்னையை நோக்குவோம். 1789ஆம் ஆண்டு எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சாலையின் பொறுப்பை அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துக் குருவானவர் ஏற்றார். ஆசிரியர் சிலர், பிள்ளைகள் பலர், உள்ள ஆசிரியரும் புதுமுறையை விரும்பாதவர். அந்நிலையில் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் அவர் கண்டார். நம் முன்னோர் சட்டாம்பிள்ளை என வழங்கிய முறை அது. பெல் அதனைத் தம் சாலையிற் கைக்கொண்டு, எட்டு வயதுச் சிறுவனொருவனை அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். 1797ஆம் ஆண்டு இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலின் வழியாக, அம்முறை சென்னை முறை என்னும் பெயருடன் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம் திண்ணையிற் பிறந்த ஒழுங்கு கடல்கடந்து சென்று ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தது என்பது வியப்பிற்குரியதே.

அம்முறையிலே குறைகளும் இருந்தன. சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்த அளவே மற்றையோருக்கும் தெரியும். ஒப்புவித்தல் மிகுந்து சிந்தனை குறைந்துவிடும். ஆயினும் அதிலே ஒரு பேருண்மை அடங்கியுள்ளது. ஆசிரியர் ஒருவரே பேச, நாற்பது பிள்ளைகள் கேட்டிருக்கும் வகுப்பில் எவரும் பேசக் கற்பதில்லை. பிள்ளை பிள்ளையோடு பேசும் ஒழுங்கு இருந்தாலன்றி வாய்மொழி வளராது. இவ்வுண்மைக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

பிரித்தானியர் 1795ஆம் ஆண்டு மன்னாரைக் கைப்பற்றினர். கோல்புறூக் ஆணைக்குழுவினரின் அறிக்கை 1830களின் தொடக்கத்தில் வெளிவந்ததைத் தொடர்ந்து, ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்தின் வாயிலாக அமைந்தது. 1869ஆம் ஆண்டிலே பொதுப்போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அக்காலந்தொட்டு நாட்டில் இருவகைப் பாடசாலைகள் ஓங்கின. கட்டணம் பெற்று ஆங்கிலத்தில் நடந்தவை ஒருவகை. கட்டணமின்றித் தாய்மொழியில் நடந்தவை மற்றொருவகை. முன்னவை பெரும்பாலும் நகரங்களில் இருந்தன. பின்னவை கிராமங்களில் இருந்தன. தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார் போன்ற ஊர்களின் மீனவர் பிள்ளைக்கும் கமக்காரர் பிள்ளைக்கும் ஆங்கிலம் என்பது கச்சேரியிலும் நீதிமன்றிலும் பிறர் வாயிற் கேட்கும் மொழியாக இருந்ததேயன்றித் தம் வாயில் வழங்கும் மொழியாக இருக்கவில்லை.

1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டு, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிற்று. அப்பொழுது உலகமே இத்தீவின் ஊடாகப் பிரயாணஞ் செய்தது. எனினும் பாதையோரத்துப் பிள்ளைகள் அவ்வுலகத்தோடு உரையாட வழியின்றி, வண்டியைப் பார்த்துக் கையசைத்து நின்றனர் என்றே சொல்லவேண்டும்.

அக்காலத்து ஆங்கிலப் பாடசாலைகளிற் கற்றோர் சரளமாகப் பேசினர் என்பது உண்மை. அதன் இரகசியம் யாது? வட்டுக்கோட்டைச் செமினரியை எடுத்து நோக்குவோம். அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டு அதனைத் தொடங்கினர். தானியேல் பூர் முதல் அதிபராக இருந்தார். மாணவர் அங்கேயே தங்கினர். கணிதத்தையும் வானியலையும் ஆங்கிலத்தில் விரிவுரையாகக் கேட்டனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகவுடைய ஆசிரியரோடு நாள் முழுவதும் பழகினர். அதே வேளையில் தமிழையும் ஆழமாகக் கற்றனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியிற் பயின்றோரே. தாமோதரம்பிள்ளை பின்னர் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை அச்சேற்றித் தமிழுலகம் மறவாத தொண்டு செய்தார். ஆங்கிலத்தைக் கற்றால் தமிழ் அழியும் என்றும், தமிழை வளர்த்தால் ஆங்கிலம் வாராது என்றும் கூறுவோர் இருவருக்கும் அவர் வாழ்க்கையே விடையாகும். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் ஆங்கிலப் பாடசாலையிற் கற்றுப் பின்னர் அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர், 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதையும் இங்கே நினைவுகூரலாம்.

ஆயினும் 1855ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலிருந்து வந்த மிசன் தலைவர் உறூபஸ் அந்தர்சன் முதலியோர் செமினரியை மூடும்படி முடிவு செய்தனர். ஆங்கிலம் மாணவரை உத்தியோகத்தின்பால் இழுக்கின்றது, சமயப்பணிக்கு ஊரவர் மொழியே போதும் என்பது அவர்கள் கருத்து. மக்களோ அதனை ஏற்கவில்லை. வட்டுக்கோட்டையில் 1872ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. இவ்வழக்கிலே இருதரப்பினர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆங்கிலம் உத்தியோக ஆசையைத் தூண்டியது மெய்யே. ஆனால் அவ்வாசையை ஏழைகளுக்கு மாத்திரம் மறுப்பது நீதியன்று என்பதும் மெய்யே.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வட்டுக்கோட்டையின் வெற்றிக்குக் காரணம் பாடநூலன்று; விடுதி வாழ்க்கையும், நாள் முழுவதும் செவியில் விழுந்த மொழியும், அம்மொழியாற் செய்யவேண்டியிருந்த வேலையுமாகும். கிராமப் பாடசாலைக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. ஆகவே வட்டுக்கோட்டையின் நூல்களைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தால் வட்டுக்கோட்டையின் பயன் விளையும் என எண்ணுதல் பேதைமையாகும்.

இனி நம் நாட்டுக் கல்வி வரலாற்றின் பெரிய திருப்பத்துக்கு வருவோம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943ஆம் ஆண்டு வெளிவந்தது. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. ஆங்கிலம் எல்லாப் பாடசாலைகளிலும் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படல் வேண்டும் என்பது கொள்கையாயிற்று. கட்டணம் செலுத்தியோர்க்கே உரியதாக இருந்த மொழி, சட்டத்தின் கண்ணிலே அனைவர்க்கும் உரியதாயிற்று. அதன் பெருமையை எவரும் மறுக்கவியலாது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, கிராமப் பாடசாலைகளின் நிருவாகமும் ஒரே குடையின்கீழ் வந்தது.

ஆயினும் கொள்கையை எழுதுவது வேறு, ஆசிரியரைத் தேடுவது வேறு. ஆங்கிலம் பேசக்கூடிய ஆசிரியர் நகரங்களிலேயே இருந்தனர். கிராமத்துக்கு வந்தவர் பலர் ஆங்கிலத்தை நூலிற் கற்றவரேயன்றி நாவிற் பழகியவரல்லர். தாம் பேசாத மொழியை அவர் பேசக் கற்பிப்பது எங்ஙனம்? எனவே வாசிப்பும், எழுத்தும், மொழிபெயர்ப்பும், இலக்கணமுமே வகுப்பறையை நிரப்பின. பரீட்சையும் எழுத்தையே அளந்தது. அளக்கப்படாத பொருளை எவர் விளைவிப்பர்? சுயமொழிக் கல்வியினாலேயே ஆங்கிலம் கெட்டது என்று கூறுவோர் இந்நிலையைச் சிந்தித்தாரல்லர். தாய்மொழி ஆங்கிலத்தைக் கெடுக்கவில்லை. கிராமத்துக்கு ஆங்கிலம் அதற்கு முன்னும் வந்ததில்லை. பின்னர் வந்தபோது பேச்சின்றி எழுத்தாக மாத்திரம் வந்தது.

அக்காலத்து அறிஞரிடையேயும் இதுபற்றி இருவேறு கருத்துகள் நிலவின. வங்காளத்திலே பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பவர், அங்குள்ள பிள்ளைக்கு ஆங்கிலத்தை வாசிக்கும் ஆற்றலே முதலில் வேண்டும் என 1926ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வாதித்தார். 1922ஆம் ஆண்டு யப்பானுக்குச் சென்ற ஹரோல்ட் பாமரோ செவியும் நாவும் முதலில், கண்ணும் கையும் பின்னர் என்றார். வெஸ்டின் வாசகங்கள் நம் நாட்டுப் பாடசாலைகளிலும் வழங்கின. வாசிப்பை முதன்மையாகக் கொண்ட அவர் கருத்து, ஆசிரியர் குறைந்த நாடுகளுக்கு வசதியாக இருந்தமை வியப்பன்று. நூல் களைப்படைவதில்லை, விடுமுறை கேட்பதுமில்லை.

வாய்மொழியை ஆரம்ப பாடசாலைதோறும் பரப்புதற்குப் பெருந்திட்டமொன்று சென்னை மாநிலத்திலே 1950களின் இறுதியில் தொடங்கிற்று. தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்க்கு வாய்மொழி முறையிற் பயிற்சியளிப்பது அதன் இலக்கு. முதலில் ஒரு சிலர்க்குப் பயிற்சியளித்து, அவர் பலர்க்கும், அப்பலர் மேலும் பலர்க்கும் பயிற்சியளிப்பதே அதன் வழி. உருட்ட உருட்டப் பெருகும் பனியுருண்டையை ஒப்புமையாகக் கொண்டு அதற்குப் பெயரிட்டார்கள். வாய்ப்பாட்டுக் கணக்கின்படி அது மிகவும் சிறந்த திட்டமே. எனினும் படிக்குப் படி பயிற்சியின் வலிமை குன்றும் என்பதும் அதனாற் புலப்பட்டது. முதற்படியில் உயிருள்ள உரையாடலாக இருந்தது, இறுதிப்படியிலே வகுப்பு முழுவதும் ஒருகுரலிற் சொல்லும் வாக்கியமாகச் சுருங்கும் அபாயம் அம்முறையோடு உடன்பிறந்தது. சவேரியாரின் கைம்மணி மீண்டும் ஒலித்தது. அண்டிறிக் அடிகளாரின் உரையாடல் வகுப்பறையை எட்டவில்லை.

அதே தென்னிந்தியாவில் 1979ஆம் ஆண்டு முதல் 1984ஆம் ஆண்டுவரை என். எஸ். பிரபு என்னும் அறிஞர் மற்றொரு சோதனையை நடத்தினார். பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் சாதாரண பாடசாலை வகுப்புகளிலே, வாக்கியங்களை ஒப்புவிக்கச் செய்யாது, சிந்தித்துத் தீர்க்கவேண்டிய சிறு வேலைகள் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டன. புகையிரத நேரசூசியைப் பார்த்து எவ்வண்டியிற் செல்லலாம் எனக் கூறுதல், வரைபடத்தைக் கொண்டு வழி சொல்லுதல் போன்றவை அவை. பிள்ளையின் மனம் வேலையின்மீது செல்லும்போது, மொழி தானே படியும் என்பது அவர் கொள்கை. விலையுயர்ந்த கருவியெதுவும் அதற்கு வேண்டியதில்லை. மன்னாரிலிருந்து கொழும்புக்குச் செல்லும் வண்டியின் நேரசூசி ஒன்றே போதும்.

நம் நாட்டிலோ ஆங்கிலம் நெடுங்காலம் பகைமைக்கும் ஏக்கத்துக்கும் உரிய பொருளாக இருந்தது. சிங்கள மாணவர் அதனைக் கடுவ, அதாவது வாள், என வழங்கினர். வைத்திருப்பவன் இல்லாதவனை வெட்டும் கருவி என்பது கருத்து. தமிழ்ப் பிள்ளைக்கும் அவ்வுவமை பொருந்தும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்புமொழி என அறிவித்தது. வாளாக இருந்ததைப் பாலமாக்க வேண்டும் என்பதே அதன் உட்கிடை எனலாம்.

1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின்படி, முதலாம் இரண்டாம் தரங்களில் நூலும் எழுத்துமின்றிச் செயல்வழியாக வாய்மொழி ஆங்கிலத்தை அறிமுகஞ்செய்ய ஏற்பாடாயிற்று. அது 1998ஆம் ஆண்டு கம்பஹா மாவட்டத்திற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, மறு ஆண்டு நாடெங்கும் பரவிற்று. முறையான ஆங்கில பாடம் மூன்றாந் தரத்திலிருந்து தொடங்கும். வகுப்பாசிரியரே நாளாந்த வேலைகளின் இடையிடையே எளிய ஆங்கிலத்தைப் பேசவேண்டும் என்பது அதன் சாரம். 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்கும் உரிய ஆண்டாக அறிவிக்கப்பட்டது; ஆங்கிலத்தை வாழ்க்கைத் திறனாகக் கொண்டு நம் வழியிலே பேசுவோம் என்பது அதன் குரலாக இருந்தது. 2023ஆம் ஆண்டிலும் முதலாந் தரத்திற் பேச்சாங்கிலம் மீண்டும் வலியுறுத்தப்பட்டது.

இத்திட்டங்கள் ஒவ்வொன்றும் வெளிவந்த ஆண்டுகளிலே மன்னார் எந்நிலையில் இருந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1990ஆம் ஆண்டிலே புகையிரதம் நின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் இத்தீவின் முஸ்லிம் மக்கள் வடமாகாணத்தின் ஏனைய முஸ்லிம் மக்களோடு வெளியேற்றப்பட்டனர். தமிழ்க் குடும்பங்கள் மடுவுக்கும் மண்டபத்துக்குமாக இடம்பெயர்ந்தன. 2009ஆம் ஆண்டுவரை ஒரு தலைமுறை அகதிமுகாமிலும் மரநிழலிலும் கற்றது. 2015ஆம் ஆண்டு தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. கொழும்பின் பிள்ளைக்கும் தோட்டவெளியின் பிள்ளைக்கும் ஒரே பாடத்திட்டம் இருந்தபோதிலும், ஒரே காலம் இருக்கவில்லை. ஆகவே ஒப்பிடுவோர் இதனையும் சேர்த்து ஒப்பிடுவாராக.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து ஓர் ஆரம்ப பாடசாலையை நிருவகிப்போர் கற்கத்தக்கவை யாவை? சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதலாவது, நேரத்தின் கணக்கு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலே முப்பது நிமிடப் பாடவேளையில் ஒருவர்பின் ஒருவராகப் பேசினால், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 45 விநாடி. அதுவும் ஆசிரியர் வாய்திறவாதிருந்தால் மாத்திரம். பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தி உரையாடச் செய்தாலோ, ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம் கிடைக்கும். நம் திண்ணைப் பள்ளி அறிந்திருந்த உண்மை இதுவே. வகுப்பிலே சத்தம் எழும் என்று அஞ்சும் அதிபர், எந்தச் சத்தம் குழப்பம், எந்தச் சத்தம் கல்வி எனப் பகுத்தறியப் பழகவேண்டும். அமைதியான ஆங்கில வகுப்பு பெரும்பாலும் பயனற்ற ஆங்கில வகுப்பாகும். பன்னிரண்டு பிள்ளைகளே உள்ள சிறிய கிராமப் பாடசாலைகள், பிள்ளைத்தொகை குறைவென்று வருந்தாது, இவ்வகையில் தமக்குள்ள வாய்ப்பை உணர்தல் நன்று.

இரண்டாவது, மனனத்தையும் உரையாடலையும் மயங்காதிருத்தல். காலையில் ஆசிரியர் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து, இழுத்த இசையில் குட் மோர்னிங் ரீச்சர் என்பர். பிற்பகலில் நுழைந்தாலும் அதனையே சொல்வர். சுகமா என்று கேட்டால், காய்ச்சலோடு வந்த பிள்ளையும் ஐ ஆம் பைன் தாங்க் யூ என்றே சொல்லும். இது பேச்சன்று. காய்ச்சல் என்று அப்பிள்ளை இரண்டு சொல்லில், பிழையாகவேனும் சொல்லுமாயின் அதுவே பேச்சு. பாட்டும் மனனமும் நாவைப் பழக்குதற்கு வேண்டியனவே, அவற்றோடு நின்றுவிடலாகாது.

மூன்றாவது, ஆங்கிலத்தை ஆங்கில ஆசிரியரிடம் மாத்திரம் விட்டுவிடாமை. விளையாட்டிடத்திலும், மதிய உணவு பகிரும் வேளையிலும், வரிசையாக நிற்கும்போதும் வகுப்பாசிரியர் சொல்லும் பத்துப் பதினைந்து எளிய வாக்கியங்கள், ஆண்டு முடிவிலே பாடநூல் செய்யாத வேலையைச் செய்துவிடும். வகுப்பாசிரியர் பலர் தம் உச்சரிப்பு பிழையாகிவிடுமோ எனக் கூசுகின்றனர். அக்கூச்சத்தை நீக்குவது அதிபரின் கடமை. அதிபர் தாமே முன்வந்து, தம் குறைந்த ஆங்கிலத்தைக் கூசாது பேசிக் காட்டுவாராயின், ஆசிரியரும் பேசுவர். ஆசிரியர் பேசினாற் பிள்ளைகளும் பேசுவர். பனியுருண்டையைப் போன்று தூரத்திலிருந்து உருண்டுவரும் பயிற்சியை மாத்திரம் நம்பியிராது, வாரத்தில் ஒருநாள் பாடசாலை விட்டபின் ஆசிரியர் தமக்குள் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் உரையாடுதல் பயனளிக்கும். அண்டிறிக் அடிகளார் இக்கரையிலே செய்ததும் அதுவேயன்றோ?

நான்காவது, தண்டனையை நீக்குதல். தமிழ் பேசிய பிள்ளைக்குத் தண்டப்பணம் விதிக்கும் வழக்கம் கட்டணப் பள்ளிகள் சிலவற்றில் இருப்பதாகக் கேள்வியுறுகின்றோம். அண்டிறிக் அடிகளாரின் ஒழுங்கு, வளர்ந்தோர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நோன்பு. சிறுபிள்ளைமீது பிறர் விதிப்பதோ தலைமயிரை மழித்த கட்டளையின் மறுவடிவம். அது ஆங்கிலத்தையும் தாராது. தாய்மொழியைப் பற்றிய நாணத்தையே தரும். தமிழிலே தன் எண்ணத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கே பிறமொழியிற் சொல்வதற்கும் ஏதேனும் இருக்கும்.

ஐந்தாவது, பிழை திருத்தும் முறை. எழுத்திலே பிழையை உடனே சிவப்பு மையால் வட்டமிடலாம். பேச்சிலே அவ்வாறு செய்தால் பேச்சு நின்றுவிடும். பிள்ளை சொல்லி முடித்தபின், அதே கருத்தை ஆசிரியர் திருத்தமான வடிவிலே தாம் ஒருமுறை சொன்னாற் போதும். தாய் தன் குழந்தையின் மழலையைத் திருத்துவதும் அவ்வண்ணமே.

ஆறாவது, அளத்தல். தவணைக்கொருமுறை ஒவ்வொரு பிள்ளையோடும் அதிபரோ ஆசிரியரோ மூன்று நிமிடம் தனியே உரையாடி, பிள்ளை தானாகச் சொன்னது யாது, விளங்கிக்கொண்டது யாது என ஒரு குறிப்புப் புத்தகத்திற் பதிந்து வருவாராக. பொதுப் பரீட்சை அளக்காததைப் பாடசாலையாவது அளக்கட்டும். புள்ளி வேண்டியதில்லை, முன்னைய தவணையினும் இப்பிள்ளை சற்றுக் கூடுதலாகப் பேசிற்றா என்பதே வினா.

இவற்றாற் பயன் யாது என வினாவுவோர் உளர். மன்னார்ப் பிள்ளை மீன்பிடிக்கவும் கமஞ்செய்யவும் ஆங்கிலம் எதற்கு என்பர். அக்கேள்வி 1855ஆம் ஆண்டின் பழைய கேள்வியே. இக்கரையிலிருந்து உயர்கல்விக்குச் செல்லும் பிள்ளை, விரிவுரை விளங்காது முதலாண்டு முழுவதும் பின்வரிசையில் மௌனமாக இருக்கின்றது. வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞன், வேலையை நன்கறிந்திருந்தும் அறியாதவன் போல் திரும்புகின்றான். தெற்கிலிருந்து வரும் சிங்கள இளைஞனும் இவனும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாது, இடையிலுள்ள மூன்றாம் மொழியையும் பேசாது, இருவரும் முகம் பார்த்து நிற்கின்றனர். அறிவின்மையினால் வரும் மௌனம் வேறு. பழக்கமின்மையினால் வரும் மௌனம் வேறு. பின்னையது ஐந்து வயதிலிருந்து பத்து வயதிற்குள் ஆரம்ப பாடசாலையினாலே தடுக்கக்கூடியது. அவ்வயதிலே பிள்ளைக்குப் பிழையைப் பற்றிய நாணம் இன்னும் பிறக்கவில்லை. அந்நாணம் பிறந்த பின்னர் எத்துணை வகுப்பு வைத்தாலும் பாதிப் பயனே விளையும்.

பெருந்திட்டங்கள் தலைநகரிலிருந்து இனியும் வரும். அவை வரும்போது வரவேற்போம். ஆனால் அவற்றின் வெற்றியும் தோல்வியும் முடிவாவது, காலை எட்டு மணிக்கும் பிற்பகல் ஒன்றரை மணிக்கும் இடையிலே, ஒரு சிறிய வகுப்பறையில், எத்தனை பிள்ளைகள் எத்தனை நிமிடம் அச்சமின்றி வாய் திறந்தார்கள் என்பதைப் பொறுத்தேயாகும். அந்நிமிடங்களைக் கூட்டுவது பாடசாலையை நடத்துவோர் கையில் உள்ளது.